குளக்கரையே வகுப்பறை

சுற்றுச்சூழல் கல்வி பள்ளியில் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. பாடம் வந்துவிட்டது. ஆனால் குளத்தில் நிற்கும் பறவையைக் காட்டி, "இது என்ன சார்?" என்று பிள்ளை கேட்டால்? பதில் சொல்ல ஆசிரியருக்கும் பயிற்சி வேண்டும்.

அதற்கு நல்ல வழி நம் பக்கத்திலேயே இருக்கிறது. மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம், 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்தி வருகிறது. பொதுமக்களும் மாணவர்களும் சேர்ந்து எண்ணுகிறார்கள்.

பெருங்கூட்டத்தை எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பத்துப் பறவைகளை எண்ணுங்கள். அவை அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கண்ணால் அளந்து, கூட்டம் முழுவதிலும் அப்படி எத்தனை பத்து என்று பாருங்கள். கணக்கும் அறிவியலும் ஒரே இடத்தில் கைவரும். சங்குவளை நாரையையும் நாமக்கோழியையும் பிள்ளைகள் பிறகு மறக்கவே மாட்டார்கள்.

கங்கைகொண்டான் ஆசிரியர்களுக்கு இன்னொரு பேறும் உண்டு. 2013-இல் அறிவிக்கப்பட்ட, சுமார் 288 ஹெக்டேர் புள்ளிமான் சரணாலயம் ஊரை ஒட்டியே இருக்கிறது.

ஆசிரியப் பெருமக்களே, சனி, ஞாயிறுகளில் இத்தகைய பறவைக் கணக்கெடுப்புப் பயிற்சி நடந்தால் தவறாமல் போய் வாருங்கள். ஓர் ஆசிரியர் கற்றால் ஒரு வகுப்பே கற்கும். குளத்தை அறிந்த பிள்ளை, நாளை அதில் குப்பை கொட்ட விடாது.