மணிச்சத்தின் ஒருவழிப் பயணம்



ஊட்டங்களின் சுழற்சி என்றதும் கார்பனும் நைட்ரஜனுமே முதலில் பேச்சுக்கு வரும். இந்த உரை மூன்றாவதாக வரும் பாஸ்பரஸை, உழவர் மொழியில் மணிச்சத்தை, முன்னுக்குக் கொண்டுவர விரும்புகிறது. கார்பனுக்குக் கரியமில வாயு என்ற வாகனம் உண்டு. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜனே. மணிச்சத்துக்கு அப்படிச் சொல்லத்தக்க வாயு வடிவம் இல்லை. பாறை தேய்ந்து மண்ணுக்கு வரும். மண்ணிலிருந்து செடிக்கும், செடியிலிருந்து விலங்குக்கும் போய் மறுபடி மண் சேரும். ஆற்றோடு கடலுக்குப் போய் அடியில் படிந்துவிட்டால், அந்தப் படிவு நிலமாக மேலெழக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். எலும்பும் பல்லும் மரபணு இழையும் மணிச்சத்து இல்லாமல் அமையாது.

இதன் வலிமையை ஐயமறக் காட்டியது கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்து ஏரி ஒன்று. அதற்குப் பெயர்கூடக் கிடையாது; 226 என்ற எண்தான். ஏரிகள் பச்சைப்பாசி பிடித்து நாறியதற்குக் காரணம் கார்பனா, பாஸ்பரஸா என்று அன்று பெரும் வழக்கே நடந்துகொண்டிருந்தது. சலவைத்தூள் தயாரிப்பாளர்கள் கார்பன் பக்கம் நின்றார்கள். அவர்கள் சரக்கில் பாஸ்பேட் இருந்தது. 1973-ல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் அந்த ஏரியின் குறுகிய இடுப்பில் வினைல் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். சில வாரங்களில் பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சைக் குழம்பாகிவிட்டது. திரைக்கு இப்பால் நீர் கருமையாகத் தெளிந்தே கிடந்தது. வானிலிருந்து எடுத்த அந்த ஒரு படம், பக்கம் பக்கமான அறிக்கைகள் செய்யாததைச் செய்தது. சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்கு அது வலுச் சேர்த்தது.

பக்கத்து ஏரி 227 இன்னும் ஒரு படி போனது. அங்கே 1990-லிருந்து நைட்ரஜன் இடுவதை நிறுத்திப் பாஸ்பரஸ் மட்டும் இட்டார்கள். பாசி குறையவில்லை. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கவல்ல நீலப்பச்சைப் பாசி பெருகி, குறையை நிரப்பிக்கொண்டது.

இயற்கை இந்தச் சத்தைத் தொலைதூரமும் அனுப்புகிறது. சகாராப் பாலைவனத் தூசு அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் பாஸ்பரஸை அமேசான் காட்டில் தூவுவதாக 2015-ல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு கணக்கிட்டது. ஓயாத மழையில் கரைந்து காடு இழப்பதும் ஏறக்குறைய அதே அளவுதான். பசிபிக் கடலின் நவுரு தீவில் நடந்ததோ வேறு கதை. அங்கிருந்த பாஸ்பேட்டை வெட்டி ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களுக்குக் கப்பலேற்றினார்கள். 21 சதுர கிலோமீட்டர்த் தீவின் நடுப்பகுதி இன்று கூர்கூரான சுண்ணாம்புப் பாறைக் காடு.

தமிழ்நாட்டு உழவு, போன சத்தைத் திருப்பித் தரும் கணக்கை நன்றாக அறிந்திருந்தது. கோடையில் குளம் வற்றியதும் வண்டலை அள்ளி வயலில் கொட்டினார்கள். மழை அடித்துப்போன சத்து வண்டியேறித் திரும்பியது. இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தையைக் காவிரிப் படுகைக்கு ஓட்டிவந்து, அறுவடையான வயலில் கிடை போடுவது இன்றும் உண்டு. தரிசிலும் மேட்டிலும் மேய்ந்த புல், இரவில் புழுக்கையாக வயலில் விழுகிறது.

இன்று டி.ஏ.பி. உர மூட்டையாக வரும் மணிச்சத்தில் பெரும்பகுதி வெளிநாட்டுப் பாறையிலிருந்து வருவது. இட்டதில் சிறு பங்கையே பயிர் அந்தப் பருவத்தில் எடுக்கிறது. மீதி கரிசலில் சுண்ணாம்போடும் செம்மண்ணில் இரும்போடும் இறுகிவிடுகிறது. விளைச்சலோடு நகரத்துக்குப் போனது சாக்கடை வழியே ஏரிக்குப் போகிறது, அங்கே ஆகாயத்தாமரை செழிக்கிறது. வயலில் பற்றாக்குறை, ஏரியில் மிகுதி: இரண்டும் ஒரே நோய் என்பது என் உறுதியான கருத்து.

மனித உடலிலிருந்து வெளியேறும் பாஸ்பரஸில் பாதிக்கு மேல் சிறுநீரில்தான் போகிறது. முசிறியில் சிறுநீரைத் தனியே பிரிக்கும் கழிப்பறைகள் கட்டி, அதை வாழைக்கு உரமாக்கிப் பார்த்திருக்கிறார்கள். கழிவுநீரில் மக்னீசியம் சேர்த்து மணிச்சத்தைப் படிகமாகப் பிரித்தெடுக்கும் ஆலைகள் கனடாவிலும் நெதர்லாந்திலும் இயங்குகின்றன. போனதை மீட்க வழி இருக்கிறது.

ஆகவே அறிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவரவர் வட்டாரத்தில் ஒரு குளத்தையும் அதன் பாசன நிலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் மணிச்சத்து எவ்வளவு, வெளியேறுவது எவ்வளவு, எங்கே தங்குகிறது என்று கணக்கெடுங்கள். அந்தக் கணக்கைத் தமிழில் எழுதி, முதலில் அந்த ஊர் உழவர்கள் முன் வையுங்கள்.