அம்மாவுக்கு ஜெபப் புத்தகம், மகனுக்குப் பேனா



குர்லாவில் இந்தக் கூட்டத்தில் போரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பீரங்கி முழங்கும் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். ஐந்து பொருள்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஒரு ஜெபப் புத்தகம், ஒரு தங்கச் சங்கிலி, ஒரு மோதிரம், ஒரு பிரேஸ்லெட், ஒரு ஃபவுண்டன் பேனா.

இவற்றின் சொந்தக்காரர் நம் ஊர்க்காரர். 1923 ஆகஸ்ட் 18 அன்று மும்பையில் பிறந்த அர்தேஷிர் புர்ஸோர்ஜி தாராபூர். பார்சி. கூட இருந்தவர்களுக்கு ஆதி. 1965 பாகிஸ்தான் போரில் பூனா ஹார்ஸ் என்ற குதிரைப்படைக்கு அவர்தான் கமாண்டிங் ஆபீசர். குதிரை போய் டாங்கி வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பட்டாளம் மட்டும் பழைய பெயரை விடவில்லை. டாங்கிக்குள் உட்காருகிற சிப்பாய் இன்றைக்கும் சவார்தான். அவருக்கு மேலே தஃபேதார், ரிசால்தார். தாராபூர் ஏறிய டாங்கியின் பெயர் குஷப். 1857இல் பாரசீகத்தில் அந்தப் படை குதிரைமேல் பாய்ந்து ஜெயித்த களத்தின் பெயர் அது.

இந்தப் படைக்கு அவர் வந்த வழியையும் சொல்ல வேண்டும். முதலில் ஹைதராபாத் நிஜாமின் படையில் இருந்தார். 1948இல் அந்தப் படையைப் பணிய வைத்த இந்தியத் தளபதி ஜே.என். சௌத்ரி. 1965இல் தரைப்படைக்கே தலைவர் அதே சௌத்ரி. அவர் படையில்தான் தாராபூர் செத்தார். எதிரணி என்கிறோமே, அதற்கு ஆயுசு பதினேழே வருஷம்!

1965 செப்டம்பர். சியால்கோட் பக்கம், கரும்புக் காடும் புழுதியுமான சமவெளி. 11ஆம் தேதி பில்லோராவில் சண்டை. தாராபூருக்குக் காயம். பின்னால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். ஒரு செஞ்சுரியன் டாங்கி ஐம்பது டன் எடை. உள்ளே நாலு பேர். கமாண்டர் மேல்மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டினால்தான் நாலு பக்கமும் தெரியும். மூடினால் பத்திரம், ஆனால் பாதி குருடு. வஸீர்வாலி, ஜஸ்ஸோரன், பூட்டூர் டோக்ராந்தி என்று படை முன்னேறியது. எதிரியின் டாங்கிகள் சுமார் அறுபது அழிந்தன, இவர்கள் இழந்தது ஒன்பது என்கிறது விருதுக் குறிப்பு. 16ஆம் தேதி தாராபூர் உயிரிழந்தார். பரம் வீர் சக்ரா பின்னால் வந்தது.

இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நான் நிற்க விரும்புவது வேறு இடத்தில். அந்தச் சண்டை நாட்களில் ஒரு நாள் மேஜர் சீமா என்ற சக அதிகாரியிடம் அவர் ஒரு பொறுப்பைக் கொடுத்தார். நாளைக்கு நான் விழுந்தால் ஜெபப் புத்தகம் என் அம்மாவுக்கு; சங்கிலி மனைவிக்கு; மோதிரம் மகளுக்கு; பிரேஸ்லெட்டும் பேனாவும் மகனுக்கு. உடலைப் போர்க்களத்திலேயே எரித்துவிட வேண்டும். மலபார் ஹில்லில் பார்சிகளுக்கென்று, உடலை எரிக்காமல் கிடத்துகிற அமைதிக் கோபுரம் இருக்கிற ஊரில் பிறந்தவர் இதைக் கேட்கிறார்! அப்படியே செய்தார்கள்.

சம்பள பாக்கி, பென்ஷன், வீடு, நிலம் எதைப் பற்றியும் பேச்சில்லை. உடம்பில் ஒட்டிக் கிடந்ததை மட்டும் ஆள் பார்த்துப் பிரித்திருக்கிறார். குர்லா டெர்மினஸில் ஊர் ரயிலுக்கு நிற்கிறவர்களுக்கு இந்தப் பங்கீடு விளங்கும். பையைத் திறந்தால் அம்மாவுக்கு ஒன்று, சின்னவளுக்கு ஒன்று என்று தனித்தனியாக மடித்து வைத்திருப்பார்கள். நாம் திரும்பிப் போவோம் என்று வாங்குகிறோம். அவர் திரும்பாமல் போனால் என்று பிரித்தார்.

அதே பில்லோரா களத்தில் 16ஆவது குதிரைப்படையும் நின்றது. ஆற்காடு நவாபின் படையாக 1776இல் தொடங்கியது. நம் தென்னாட்டுப் பிள்ளைகளின் படை. தாராபூர் சொன்னது நமக்குத் தெரிகிறது, ஏனென்றால் கேட்டவர் மேஜர், அவர் திரும்பி வந்து சொன்னார். அந்தப் படையின் தமிழ்ச் சவார்கள் யாரிடம் என்ன சொன்னார்கள்? முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்தியக் குதிரைவீரர்கள் வீட்டுக்கு எழுதியதை வெள்ளைக்காரச் சென்சார் சந்தேகப்பட்டுப் படித்து, பகுதி பகுதியாகப் பெயர்த்து எழுதி வைத்தான். அவன் சந்தேகத்தின் புண்ணியத்தில் அவை லண்டனில் ஒரு நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நம் பாசமோ கடிதத்தைப் பரணில் கரையானுக்குக் கொடுத்துவிட்டது.

ஆகவே ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் தாத்தாவோ மாமாவோ பட்டாளத்தில் இருந்திருந்தால், விடுமுறைக்கு ஊர் போகும்போது டிரங்குப் பெட்டியைக் கிளறுங்கள். அனுப்பியவர் முகவரியில் ஊர்ப்பெயர் இல்லாமல் 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் நிலைய எண் மட்டும் இருக்கிற கடிதம் கிடைத்தால் எடுத்து வாருங்கள். முதலில் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மடிப்பு கிழிந்துவிடும். அடுத்த கூட்டத்தில் பேச்சாளர் வேண்டாம்; அதை எழுதியவரின் பேத்தியே மேடையேறிப் படிக்கட்டும்.