பாதி பத்ரி

(டில்லியில் நம் சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

"இருபது நிமிஷத்துக்கு மேல் பேசாதீர்கள், டிபன் ஆறிவிடும்" என்று காரியதரிசி முன்கூட்டியே எச்சரித்திருக்கிறார். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் தாத்தாவின் தமையனார் 1936-ல் பத்ரிநாத யாத்திரை கிளம்பினார். தேவப்பிரயாகையில் கடும் காய்ச்சல். அங்கிருந்தே திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பெயரே "பாதி பத்ரி" தாத்தா. கல்யாணம், கார்த்திகை எது நடந்தாலும் யாராவது ஒருவர் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிறுவனாக நானும் சிரித்திருக்கிறேன். அவர் நடந்த பாதையில் நாமும் நடக்க வேண்டும் என்ற ஆசை அப்போதே மனதில் விழுந்துவிட்டது.

அது எந்தப் பாதை? இன்று ரிஷிகேசத்திலிருந்து பத்ரிக்கு சுமார் 295 கி.மீ. பஸ்ஸில் போகிறோம். கங்கையின் வலது கரையில் தேவப்பிரயாகை வரை மோட்டார் சாலை. அந்நாளைய யாத்ரீகர்கள் நடந்ததோ எதிர்க்கரையில், பௌடி மாவட்டப் பக்கம். லக்ஷ்மண் ஜூலா, கருட் சட்டி, பூல் சட்டி, மோகன் சட்டி, பிஜ்னி, மகாதேவ் சட்டி, காண்டி, நயார் நதி கங்கையில் கலக்கும் வியாஸ் காட், பிறகு தேவப்பிரயாகை. ஏறத்தாழ 70 கி.மீ.

சட்டி என்றால் நம் அகத்து மண்சட்டி இல்லை. வழியில் தங்கும் இடம். கடைக்காரரிடம் மாவு, அரிசி, நெய் வாங்கினால் போதும். தங்க இடமும் சமைக்கப் பாத்திரமும் இனாம். காலி கம்ப்ளிவாலா என்று பெயர் பெற்ற சுவாமி விசுத்தானந்தர் இந்த மார்க்கத்தில் தர்மசாலைகளும் அன்னதானமும் ஏற்படுத்தினார். நம் பத்தமடையிலிருந்து போன சுவாமி சிவானந்தர், 1920-களின் பிற்பகுதியில் லக்ஷ்மண் ஜூலாவில் யாத்ரீகர்களுக்கு இலவச வைத்தியசாலை நடத்தினார். 1962 யுத்தத்துக்குப் பிறகு மலைச் சாலைகள் வேகமாக நீண்டன. பஸ் வந்தது, சட்டிகள் காலியாயின. இன்று பல இடங்களில் பெயர் மட்டும் மிச்சம். மோகன் சட்டியில் இளைஞர்கள் காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மேலிருந்து குதிக்கிறார்கள்.

2022 நவம்பரில் நாங்கள் நான்கு பேர் கிளம்பினோம். எல்லோரும் ஓய்வு பெற்ற மத்திய சர்க்கார் ஊழியர்கள். வயது 68 முதல் 72 வரை. திட்டம் போட்டவன் நான். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன், 36 வருஷம் கோப்புகளில் நோட் போட்டவன், எனக்கா திட்டம் போடத் தெரியாது என்ற மிதப்பு. தினமும் காலையில் பூங்காவில் மணிக்கு 4 கி.மீ. நடக்கிறோம், ஆகவே நாளைக்கு 18 கி.மீ., நான்கே நாளில் தேவப்பிரயாகை என்று எழுதிவிட்டேன். ஏற்றத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இரண்டாம் நாள் மோகன் சட்டியிலிருந்து பிஜ்னிக்கு ஏற்றம். என் நண்பர் ஒருவர், முப்பது வருஷப் பழக்கம், அடிக்கடி நின்றார். "இன்னும் இரண்டே கிலோமீட்டர்" என்று சொல்லிச் சொல்லி இழுத்துக்கொண்டு போனேன். ஐந்தரைக்கு இருட்டிவிட்டது. புல் கட்டுடன் வந்த ஒரு மலைக்கிராமத்து அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டு மகனை டார்ச்சுடன் அனுப்பினாள். அன்றிரவு அவர்கள் வீட்டில் ரொட்டியும் தூக்கமும். மறுநாள் ஜீப்பில் திரும்பினோம். எனக்கு அவர் மேல் கோபம். வழி முழுவதும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

டில்லி வந்து பத்து நாளில் அவருக்கு ஆஞ்சியோகிராம், இரண்டு ஸ்டென்ட். ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தேன். "மார்பில் வலி இருந்ததா?" என்று கேட்டேன். "காலையிலிருந்தே இருந்தது. சொன்னால் நீ கோபித்துக்கொள்வாய் என்று சொல்லவில்லை" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை இங்கே சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன். என் திட்டத்தில் எல்லாம் இருந்தது. "என்னால் முடியவில்லை" என்று ஒருவர் சொல்வதற்கு மட்டும் இடம் இல்லை.

ஒரு வருஷம் கழித்து, 2023 நவம்பரில் மறுபடி கிளம்பினோம். இந்தத் தடவை போட்ட திட்டத்தைச் சொல்கிறேன். எந்த நடைக்கும் உதவும்.

முதலில் தூரம். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் ஒரு கணக்குச் சொன்னார். 5 கி.மீ.க்கு ஒரு மணி. அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி கூடுதல். 12 கி.மீ. தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் 3 மணி 24 நிமிஷம். இது திடகாத்திரமான மனிதருக்கு. எங்கள் வயதுக்கு அதை இரண்டால் பெருக்கினேன். கிட்டத்தட்ட ஏழு மணி. நவம்பர் கடைசியில் அங்கே பகல் வெளிச்சம் சுமார் பத்தரை மணி நேரம்தான். ஆகவே ஒரு நாளைக்கு 12 கி.மீ.க்கு மேல் கூடாது. நான்கு நாள் ஆறு நாளாயிற்று.

அடுத்தது வரைபடம். சர்வே ஆஃப் இந்தியா வரைபடங்கள் 2017 முதல் இலவசமாகவே கிடைக்கின்றன. 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கி.மீ. ஏற்ற இறக்கம் கோடுகளில் தெரியும். அதில் ஒவ்வொரு நாளைக்கும், ஜீப் வரக்கூடிய சாலை எங்கே பக்கத்தில் இருக்கிறது என்று சிவப்பு மசியில் வட்டம் போட்டேன். போய்ச் சேரும் இடத்துக்கு முன்னால், விலகும் இடத்தைக் குறித்தேன்.

பருவம்: மழைக்காலத்தில் மண்சரிவு, மே மாதத்தில் பள்ளத்தாக்கு அடுப்பாகக் கொதிக்கும். நவம்பர் உத்தமம். சாப்பாடு: அவல், சத்துமாவு, வெல்லம், உப்பு. ஆசாரம் பார்ப்பவர்களுக்கும் தொல்லையில்லை. ஊற்றுத் தண்ணீரானாலும் காய்ச்சியே குடிக்க வேண்டும். தங்க: கிராமத்துப் பிரதானிடம் முன்கூட்டியே போனில் பேசிவிட வேண்டும். மாலை நாலு மணிக்கு மேல் நடை கிடையாது. சிறுத்தை உள்ள மலை. இதே யாத்திரை மார்க்கத்தில் ருத்ரப்பிரயாகைச் சிறுத்தை 125 பேரைக் கொன்றதும், ஜிம் கார்பெட் 1926-ல் அதைச் சுட்டதும் நீங்கள் படித்திருப்பீர்கள்.

கடைசியாக இரண்டு விதிகள். ஒன்று, பகல் 12 மணிக்குள் அன்றைய தூரத்தில் பாதி தாண்டவில்லை என்றால் சிவப்பு வட்டத்துக்குப் போய்விட வேண்டும், விவாதம் இல்லை. இரண்டு, தினமும் காலையில் ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்க வேண்டும்: "இன்று நடக்கலாமா?" "வேண்டாம்" என்றால் காரணம் கேட்கக் கூடாது. இந்த இரண்டாம் விதியை எழுதும்போது என் கை கொஞ்சம் நடுங்கியது.

ஸ்டென்ட் வைத்த நண்பரும் டாக்டர் அனுமதியோடு வந்தார். முதல் நாள் மோகன் சட்டி வரை எங்களுடன் நிதானமாக நடந்தார். இரண்டாம் நாள் காலை கேட்டேன். "வேண்டாம்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். ஜீப்பில் ரிஷிகேசம் போய், அங்கிருந்து பஸ் ஏறினார்.

ஆறாம் நாள் பிற்பகல் நாங்கள் மூவரும் தேவப்பிரயாகை அடைந்தோம். பாகீரதியும் அலகநந்தாவும் சேர்ந்து கங்கை என்ற பெயர் பெறும் இடம். பெரியாழ்வார் மங்களாசாசனம் செய்த கண்டமென்னும் கடிநகர் திவ்யதேசம் அதுதான். பாலத்தருகே நண்பர் நான்கு டம்ளர் டீயுடன் நின்றுகொண்டிருந்தார். மறுநாள் சங்கமத்தில் நால்வரும் சேர்ந்து ஸ்நானம் செய்து ரகுநாத்ஜியைத் தரிசித்தோம். யாருக்கும் புண்ணியம் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அன்று படித்துறையில் "பாதி பத்ரி" தாத்தாவை நினைத்துக்கொண்டேன். மருந்து, வண்டி ஒன்றும் இல்லாத காலத்தில், காய்ச்சலோடு, கேலி வரும் என்று தெரிந்தே திரும்பினார். அதனால்தான் அதன் பிறகு முப்பது வருஷம் எங்கள் நடுவில் இருந்தார். அவருக்கு இருந்த தைரியம் 2022-ல் எனக்கு இல்லை.

70-ஐ 295-ஆல் வகுத்தால் நான் கால் பத்ரிதான், பாதிகூட இல்லை. மீதிப் பாதைக்கும் வரைபடம் தயாராகிறது. உடன் வர விருப்பமுள்ளவர்கள் டாக்டர் சான்றிதழுடன் வாருங்கள். நடுவில் திரும்ப விருப்பமுள்ளவர்கள் கட்டாயம் வாருங்கள்.

டிபன் ஆறுகிறது.