கரிசல் நாட்டில் இரும்பைக் காத்தல்



கோவில்பட்டியையும் அதனைச் சூழ்ந்த கரிசல் நிலத்தையும் அறிந்தவர்கள், அங்கே குறைவாகக் கிடைக்கும் பொருள் தண்ணீர் ஒன்றே என்பர். சித்திரை, வைகாசியில் மண் வெடித்துக் கிடக்கும்; காற்று அனலாய் வீசும். கடலோ தொலைவில், தூத்துக்குடியில் இருக்கிறது. இத்தகைய நாட்டில் இரும்பு துருப்பிடிக்கும் என்று ஒருவர் எச்சரித்தால், கேட்பவர் நகைக்கக்கூடும். ஆயினும், கார்த்திகை மாதக் காலை ஒன்றில் ஒரு தச்சுப்பட்டறைக்குள் சென்று, கவனிப்பாரற்றுக் கிடக்கும் இழைப்பு இயந்திரத்தின் மேசையை விரலால் தடவிப் பாருங்கள். செம்பழுப்பு நிறப் பொடி விரலில் ஒட்டிக்கொள்ளும். வறண்ட நாட்டிலே இது எவ்வாறு நேர்கிறது? இதைத் தடுக்கும் வழி என்ன? இவ்விரு வினாக்களுக்கும் இன்று விடை காண்போம்.

மரம் இழைக்கும் இயந்திரம், வட்ட ரம்பம் முதலியவற்றின் மேசைகள் பெரும்பாலும் வார்ப்பிரும்பினால் ஆனவை. கோயம்புத்தூர் போன்ற நகரங்களின் வார்ப்படச் சாலைகளில் உருக்கி ஊற்றப்படும் இவ்விரும்பு அதிர்வைத் தாங்கிக்கொள்ளும், எளிதில் வளையாது. மேசையின் மேற்பரப்பைக் கடைந்து சமனாக்குவார்கள். அதற்கு வண்ணம் பூச இயலாது; பூசினால் சமநிலை கெடும், மரமும் வழுக்கிச் செல்லாது. ஆகவே இயந்திரம் முழுவதிலும் மிகுந்த உழைப்பினால் உருவான பகுதியே ஆடையின்றி நிற்கிறது.

அந்தப் பரப்புக் கெட்டால் என்ன நேரும்? குழி விழுந்த மேசையில் இழைத்த பலகை நேராக அமையாது; கதவின் பொருத்து இடைவெளி காட்டும். அதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. துருவேறிய மேசையில் மரம் தடைபட்டு நிற்கும். தச்சர் வலிந்து தள்ளுவார். தடை திடீரென விலகும்போது அவர் கை சுழலும் வாளை நோக்கிச் சென்றுவிடும். மேசையைத் துடைத்து வைப்பது இரும்பைக் காப்பது மட்டுமன்று. விரல்களைக் காப்பதும் ஆகும்.

இனி, துரு எவ்வாறு உண்டாகிறது என்பதைக் காண்போம். இரும்பு துருப்பிடிக்க நீரும் வேண்டும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யு. ஆர். எவான்ஸ் என்னும் அறிஞர், ஒரே ஒரு நீர்த்துளியைக் கொண்டு இதனை விளக்கினார். அச்சோதனையை உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஆசிரியரின் துணையோடு நீங்களும் செய்யலாம். உப்பு நீரில் சிறிது பொட்டாசியம் பெர்ரிசயனைடும் பினாப்தலீனும் கலந்து, தேய்த்துத் தூய்மையாக்கிய இரும்புத் தகட்டின்மேல் ஒரு துளி விடுங்கள். சற்று நேரத்தில் துளியின் நடுப்பகுதி நீலமாகும், ஓரம் இளஞ்சிவப்பாகும். நீலம், இரும்பு கரையும் இடத்தைக் காட்டுகிறது. இளஞ்சிவப்பு, ஆக்சிஜன் மிகுதியாகப் புகுந்து வினைபுரியும் இடத்தைக் காட்டுகிறது. ஒரு துளிக்குள் ஒரு மின்கலமே இயங்குகிறது! வார்ப்பிரும்பில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு கரி இருக்கிறது. அதில் பெரும்பகுதி, பென்சில் முனையில் காணும் கிராபைட்டாகவே இரும்பினுள் சிதறிக் கிடக்கிறது. இந்தக் கிராபைட்டும் அருகிலுள்ள இரும்பும் ஈரம் பட்டவுடன் எண்ணற்ற சிறு மின்கலங்களாகிவிடுகின்றன.

மழைத்துளி நேரே விழவேண்டும் என்பதும் இல்லை. காற்றின் ஈரப்பதம் ஓர் எல்லையைத் தாண்டியதும் துருவின் வேகம் திடுமென உயர்கிறது என்பதை வெர்னன் என்னும் ஆங்கில ஆய்வாளர் 1930-களில் கண்டறிந்தார். ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது என்பது அந்த எல்லை. தூசும் உப்பும் படிந்த இரும்பில் இதனினும் குறைந்த ஈரமே போதுமானது.

கரிசல் நாட்டின் இடர் இங்கேதான் மறைந்திருக்கிறது. கோடையில் மழை இல்லை; ஆனால் வியர்வை உண்டு. உழைப்பவரின் உள்ளங்கை மேசையில் பதியும் இடத்திலெல்லாம் உப்புப் படிகிறது. வெளியிலிருந்து கரிசல் புழுதி வந்து படிகிறது. ஈரத்தை விடாமல் பிடித்து வைப்பதே அம்மண்ணின் இயல்பு. கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டு தோன்றிய வேளாண் ஆராய்ச்சி நிலையம், அந்த ஈரத்தைப் பயிருக்குப் பயன்படுத்தும் வழிகளை ஆராய்ந்து வருகிறது. உழவனுக்கு நண்பனாகும் அதே குணம் தச்சனின் இரும்புக்குப் பகையாகிறது. மரத்தூளும் அவ்வாறே ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டிக் கிடக்கும். கலப்பைக்கும் வண்டிக்கும் பெயர்பெற்ற கருவேல மரத்தைப் பச்சையாக மேசைமேல் விட்டுவைத்தாலோ, அதன் துவர்ப்புச் சத்து இரும்போடு கூடிக் கருநீலக் கறையை உண்டாக்கும்.

இவையெல்லாம் கோடை முழுவதும் ஓசையின்றிச் சேர்கின்றன. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. இரவில் குளிர்ந்துபோன கனத்த இரும்பு, காலையில் விரைவில் வெப்பமடைவதில்லை. ஈரக்காற்று அதன்மேல் பட்டதும், குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல் மேசையும் வியர்க்கிறது. கோடையில் விதைத்த உப்பும் தூசும் அன்று துருவாய் முளைக்கின்றன.

துருவின் ஆற்றலுக்குச் சான்று தேடித் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்தவற்றுள் இரும்பு வாள்களும் ஈட்டிகளும் இருந்தன. அவை துரு தின்ற நிலையில் கிடைத்தன. தில்லியின் இரும்புத் தூணோ 1600 ஆண்டுகளாக நிற்கிறது. அதன் இரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸ், மேற்பரப்பில் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கியிருப்பதே காரணம் என ஆய்வாளர் கூறுகின்றனர். நம் இயந்திர மேசைக்கு இயற்கை அத்தகைய போர்வையை அளிக்கவில்லை; நாமே அதனைப் போர்த்த வேண்டும். இரும்பின் இவ்வழிவை அரிமானம் என்பர். அதனை ஆராயும் பெரிய நிலையமொன்று நம் தமிழகத்திலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாய்க் கொடையிலும் வேரூன்றி, 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே அது.

காக்கும் முறை எளியது. நாள்தோறும் வேலை முடிந்ததும் மரத்தூளை நீக்கி, உலர்ந்த கழிவுப் பஞ்சினால் மேசையைத் துடைக்க வேண்டும். துரு தோன்றியிருந்தால், நயமான உப்புத்தாளை ஒரு தட்டையான மரக்கட்டையில் சுற்றி, மண்ணெண்ணெய் தொட்டு, பரப்பு முழுவதும் ஒரே சீராகத் தேய்க்க வேண்டும். ஓரிடத்தையே தேய்த்தால் அங்கே பள்ளம் விழும். பின்னர் மண்ணெண்ணெய் எஞ்சாமல் துடைத்து உலர்த்தி, மெழுகுப் பூச்சை மெல்லியதாகத் தடவி, காய்ந்தபின் துணியால் மெருகிட வேண்டும். கடையில் மெழுகுப் பூச்சு கிடைக்காவிட்டால், தேன்மெழுகைச் சுடுநீரில் வைத்த பாத்திரத்தில் உருக்கி, அடுப்பை அணைத்து அப்பால் எடுத்துச் சென்றபின் டர்பன்டைன் கலந்துகொள்ளலாம். தீப்பெட்டித் தொழிலால் பெயர்பெற்ற ஊரில் நெருப்பைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணெய் ஏன் கூடாது என்று கேட்கலாம். அன்றாடம் புழங்கும் மேசையில் எண்ணெய் மரத்தைக் கறைப்படுத்தும், புழுதியையும் ஈர்க்கும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் போன்றவை நாளடைவில் கெட்டுப் பிசுக்காகும். நெடுநாள் ஓய்ந்திருக்கும் இயந்திரத்துக்கு மட்டும் கனமான இயந்திர எண்ணெயோ கிரீசோ தடவி, பருத்தித் துணியால் மூடுக. காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

நேயர்களே! மழை கண்டபின் கலப்பை செப்பனிடும் உழவன் பருவத்தைத் தவறவிடுவான். மழை கண்டபின் மெழுகைத் தேடும் தச்சனும் அவ்வாறே. மேசை உலர்ந்து பளபளப்பாகத் தோன்றும் புரட்டாசி மாதமே அதனைக் காப்பதற்கு உரிய காலம். தொழிற்கல்வி பயிலும் மாணவர்கள் தங்கள் பட்டறையிலேயே இப்பழக்கத்தைத் தொடங்குவார்களாக. ஒரு பிடி பஞ்சும் சிறிது மெழுகும், ஒரு குடும்பம் கடன்பட்டு வாங்கிய இயந்திரத்தை அடுத்த தலைமுறைக்கும் பயன்படச் செய்யும்.