மழைநீரும் நம் முற்றமும்



2005 ஜூலை 26-ஆம் நாளை மும்பைத் தமிழர் மறந்திருக்க மாட்டார்கள். சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிற்று. பழைய வடிகால்களோ, மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைக் கருதி அமைந்தவை. கடல் ஏற்றத்தால் அவற்றின் நீர் வெளியேற வழியில்லை. மித்தி ஆறும் ஆக்கிரமிப்புகளால் ஒடுங்கிக் கிடந்தது.

வடிகாலை அகலப்படுத்துவது மட்டும் போதாது. விழுந்த இடத்திலேயே மழைநீர் சற்றுத் தங்கவேண்டும். சேறாகிறதென்று முற்றம் முழுவதற்கும் சிமெண்டுத் தளம் கேட்கிறீர்கள். கோலமிட வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்நீரெல்லாம் உடனே பள்ளத்திலுள்ள வீடுகளுக்குள் புகும். நடைபாதைக்கு மட்டும் தளமிட்டு, எஞ்சியதைச் சரளையாக விடுவோம். மொட்டைமாடி நீரையும் அங்கேயே இறக்குவோம். செலவுக் கணக்கைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன்.