பெக்கோனிக்: பிறக்காத மாவட்டம்



நியூயார்க் மாநிலத்தில், லாங் ஐலண்ட் தீவின் கிழக்குக் கோடியில் ஐந்து ஊர்கள்: ரிவர்ஹெட், சவுத்தோல்ட், சவுத்தாம்ப்டன், ஈஸ்ட் ஹாம்ப்டன், ஷெல்ட்டர் ஐலண்ட். உருளைக்கிழங்கு வயலையும் கடலையும் நம்பி வாழ்ந்தவர்கள் அங்கே. சஃபோக் மாவட்டத்திலிருந்து பிரிந்து, 'பெக்கோனிக்' என்று தனி மாவட்டம் கேட்டார்கள். சஃபோக்கின் தலைநகரே ரிவர்ஹெட்தான். தலைநகரே பிரிந்துபோகத் துணிந்தது என்றால் மனக்குறை எத்தனை ஆழமாக இருந்திருக்க வேண்டும்!

சஃபோக்கில் மொத்தம் பத்து ஊர்கள். பழைய மாவட்ட வாரியத்தில் பெரிய ஊரானாலும் சிறிய ஊரானாலும் ஒரு வாக்குதான். கிழக்குக்குப் பாதி பலம் இருந்தது. பிறகு மேற்கே புறநகர்க் குடியிருப்புகள் பெருகின. மக்கள்தொகைக்கு ஏற்பவே பிரதிநிதித்துவம் இருக்க வேண்டும் என்று 1968-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உள்ளாட்சிகளுக்கும் சொல்லிவிட்டது. 1970-ல் அந்த வாரியத்துக்குப் பதிலாக 18 உறுப்பினர் மன்றம் வந்தது. கிழக்குக்குக் கிடைத்தவை ஒன்றிரண்டு இடங்களே. தீர்ப்பு நியாயமானது, மறுப்பதற்கில்லை. ஆனால் தங்கள் வயலின் கதியை வேறு ஊர்க்காரர்கள் முடிவு செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் தவிப்பும் நியாயமானதுதான்.

முன்னுதாரணமும் அதே தீவில் இருந்தது. 1899-ல் குயின்ஸிலிருந்து மூன்று ஊர்கள் பிரிந்து நாசோ மாவட்டம் ஆயின.

1996 நவம்பரில் ஐந்து ஊர்களிலும் கருத்து வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு எழுபது பேர் தனி மாவட்டம் வேண்டும் என்றார்கள். ஆனால் அந்த வாக்கு யாரையும் கட்டுப்படுத்தாது. மாவட்டத்தைப் பிரிக்கும் சட்டத்தை ஆல்பனியில் உள்ள மாநிலச் சட்டமன்றம்தான் இயற்ற வேண்டும். அது இயற்றவே இல்லை. இத்தனை தெளிவாகப் பேசிய மக்களுக்கு உரிய பதில் இதுவா?

ஆனால் சஃபோக்குக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விளைநிலத்தைக் காக்க, 1974-லேயே நாட்டுக்கு முன்னோடியான திட்டம் கொண்டுவந்தது சஃபோக் மாவட்டம்தான். விவசாயி நிலத்தை விற்பதில்லை. வீடு கட்டும் உரிமையை மட்டும் அரசுக்கு விற்கிறார். நிலம் அவருடையதே, உழுவதும் அவரே.

அந்த வழியையே கிழக்கு ஊர்கள் பின்னர் பற்றிக்கொண்டன. அதற்குப் பணம் திரட்ட, 1998-ல் மாநில அனுமதியோடும் வாக்காளர் ஒப்புதலோடும், சொத்து கைமாறும்போது வாங்குபவர் 2 சதவீதம் செலுத்தும் வரி பிறந்தது. விலையில் முதல் பகுதிக்கு விலக்கு தந்தார்கள்: கட்டடம் உள்ள சொத்துக்கு ஹாம்ப்டன் ஊர்களிலும் ஷெல்ட்டர் ஐலண்டிலும் 2,50,000 டாலர், ரிவர்ஹெட்டிலும் சவுத்தோல்டிலும் 1,50,000 டாலர் என்று தொடங்கினார்கள். பணம் அந்தந்த ஊரின் நிதியிலேயே சேர்கிறது. எந்த வயலை, எந்தக் கரையைக் காப்பது என்பதை அந்த ஊர் மன்றமே தீர்மானிக்கிறது.