உயரக் குறைவும் அன்னையர் கல்வியும்

குழந்தை மெலிந்தால் தாயின் கண் உடனே கண்டுகொள்ளும். குழந்தை குட்டையாகவே நின்றுவிட்டாலோ அந்தக் கண்ணும் ஏமாந்து போகிறது. "எங்கள் வம்சமே குட்டைதான்" என்ற ஒரு சொல்லில் கவலை அடங்கிவிடும். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஊட்டச்சத்துக் கல்வி புகட்டச் செல்வோர் முதலில் எதிர்கொள்ள வேண்டியது இச்சொல்லையே.

2019-21இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35.5 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இத்தீவுகளில் இவ்விகிதம் 22.5. நாட்டின் சராசரியைவிடக் குறைவு என்று மனநிறைவு கொள்வதற்கில்லை. ஐந்தில் ஒரு குழந்தைக்கும் மேல் என்பது சிறிய கணக்கன்று.

வம்சம் என்ற வாதத்திற்கு அறிவியல் விடை உண்டு. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து 2006இல் வளர்ச்சி அளவுகளை வெளியிட்டது. தாய்ப்பாலும் தக்க உணவும் நல்ல சூழலும் பெற்ற குழந்தைகள் எந்நாட்டவராயினும் முதல் ஐந்தாண்டுகளில் ஏறக்குறைய ஒரே சீராக வளர்வது அதில் தெரிய வந்தது. இரண்டு வயது ஆண் குழந்தையைப் படுக்க வைத்து அளந்தால் நீளம் சராசரியாக 88 சென்டிமீட்டர் இருக்கும். 82க்கும் குறைந்தால் வளர்ச்சி குன்றியதாகக் கொள்ளலாம். கருவுற்றது முதல் இரண்டாண்டு நிறையும் வரையுள்ள ஏறத்தாழ ஆயிரம் நாள்களில் இழந்த வளர்ச்சியைப் பின்னர் முழுமையாக மீட்பது அரிது. அறிவு வளர்ச்சியும் அதனோடு பாதிக்கப்படுகிறது.

ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலுடன் இணை உணவு தொடங்க வேண்டும். வெறும் கஞ்சி போதாது. கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. அங்கும் கைக்கெட்டும் தொலைவில் கடல் இருக்கிறது. முள் நீக்கி மசித்த மீனைச் சோற்றுடன் பிசைந்து ஊட்டலாம். பல் முளைக்காத பிள்ளைக்கு மீன் ஆகாது என்ற தயக்கம் உள்ள வீட்டில், சொல்லிக் காட்டுவதைவிடச் செய்து காட்டுவதே பயன் தரும். நிக்கோபாரியருக்குத் தாழையினப் பழக் கூழும் தேங்காயும் மரபுணவு. அவற்றோடு மீனும் முட்டையும் சேரலாம். கப்பலில் வந்திறங்கும் பிஸ்கட் இவற்றுக்கு ஈடாகாது.

ஆனால் அறிவுரை முழுவதையும் தாயின் தலையில் சுமத்துவது முறையன்று. கார் நிக்கோபாரில் 'துஹெத்' எனப்படும் பெருங்குடும்பத்தில் பாட்டியும் பெரியம்மாவும் குழந்தையைக் கவனிக்கின்றனர். தோட்ட வேலைக்குச் செல்லும் தாய்க்குப் பகலில் ஊட்ட நேரமேது? ஆகவே அங்கன்வாடியில் குழந்தையைக் கிடத்தி அளக்கும் நாளில் பாட்டியும் தந்தையும் உடனிருக்க அழைக்கப்பட வேண்டும். அளவுப் பலகையில் எண்ணைப் படித்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பது தாயின் கையாக இருக்கட்டும்.